பூ மணம் போன இடம்

“காப்பிப் பூ இம்புட்டு மணக்குதேம்மா, காயாகும்போது அந்த மணமெல்லாம் எங்க போகும்?”

இதைக் கேட்டபோது மேகலைக்கு ஆறு வயது. கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சிக்குக் கீழே, சாலையிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் சரிவில், முதல் கோடை மழைக்குப் பிறகு காப்பி மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. அவளுடைய அம்மா ஜோதிமணி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். “சோலி கெடக்கு. பேசாம அந்தச் சாக்க எடு” என்றாள். பதில் தெரியாத கேள்விக்குத் தாய்மார்கள் சொல்லும் பதில்தான். பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள்.

சாவகாசம் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வருட ஐப்பசி அடைமழையில் மேகலைக்குக் காய்ச்சல் கண்டது. கசாயம் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் காலையில் குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பழனி ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் பஸ் வரவில்லை. ஜோதிமணியும் அவள் கணவன் பழனிக்குமாரும் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள்.

அங்கே இப்ராம்சா ராவுத்தரின் ஜீப் நின்றிருந்தது. அவர் பெருமாள்மலைக் கடைவீதியில் சரக்குக் கிட்டங்கி வைத்துக் காப்பியும் பூண்டும் வாங்கி விற்பவர். அன்று ஊர்ப் பூண்டையெல்லாம் வாங்கி, வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோக ஜீப் முட்ட ஏற்றி, படுதா போட்டுக் கட்டி முடித்திருந்தார்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கட்டிய கயிற்றை அறுத்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சேற்றில் போட்டார். படுதாவையாவது மூட்டைகள்மேல் போட்டிருக்கலாம். அதைக் குழந்தைமேல் சாரல் அடிக்காமலிருக்க ஜீப்பின் பின்பக்கத்தில் கட்டினார். “ஏறு தாயி” என்றார்.

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி வரை போகவில்லை. ஊத்து என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவில் குழந்தையின் தலை அம்மாவின் மடியில் கனத்தது. ராவுத்தர் கண்ணாடியில் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, மழையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

பூண்டு அத்தனையும் நனைந்து அழுகிப்போனது. காரியமெல்லாம் முடிந்த பிறகு பழனிக்குமார் அதைப் பற்றிப் பேசப் போனான். ராவுத்தர் அவன் தோளைத் தட்டி, “அது பூண்டுப்பா” என்றார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை, யாரையும் எடுக்க விடவும் இல்லை. நன்மை செய்தவர்கள் அதை மறந்துவிடுவது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. பெற்றுக்கொண்டவர்களால் அப்படி மறக்க முடிவதில்லை. ஜோதிமணியின் மனதில் அது கரையாமல் கிடந்தது.

*

மேகலை அந்தக் கேள்வியைக் கேட்டது சரிவின் மூலையில் இருந்த நெட்டை மரங்களுக்கு அடியில்.

மற்றக் காப்பி மரங்களைப் போல் அவை இல்லை. கிளைகள் தள்ளித்தள்ளி இருக்கும், இலைகள் நீளமாய் இருக்கும், காய்ப்பு கொஞ்சமாய் இருக்கும். ஜோதிமணியின் மாமனார் நல்லுசாமி பெரும்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கே முதலாளி எங்கிருந்தோ வரவழைத்து வளர்த்த நாற்றுகள் காய்க்காத சாதி என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார். பிடுங்கியவர் நல்லுசாமிதான். வேரில் மண் காயாத சில நாற்றுகளை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து தன் சரிவில் வைத்தார். “உசுரோட கெடந்துச்சு, மனசு வரல” என்பது மட்டும்தான் அவர் சொன்ன காரணம். ஊரில் சிரித்தார்கள். “நல்லுசாமி மரம் காய்க்காது, வேலிக்கு மேல எட்டி ரோட்டுல போற பஸ்ஸத்தான் பாக்கும்” என்றார்கள். கடைசி வரை அவற்றில் கண்ட காப்பியை அவர் மற்றதோடு கலந்தே விற்றார். செத்தும் போனார்.

மகள் போன பிறகு பழனிக்குமார் அந்தச் சரிவின் பக்கமே வருவதில்லை. கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தூங்குவான், போவான். நிலத்தை ஜோதிமணிதான் பார்த்துக்கொண்டாள்.

போன வருடம் மாசி மாதத்தில் குருநாதன் என்பவர் அவள் வீட்டுக்கு வந்தார். கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் காப்பி வறுத்து விற்பவர். ஒவ்வொரு ஊரின் காப்பியையும் குடித்துப் பார்த்து, நல்லதைத் தனியாக வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் தொழில். வீட்டில் அன்று பால் இல்லை, சர்க்கரையும் தீர்ந்திருந்தது. தனக்கென்று நெட்டை மரத்துப் பழத்தில் கொஞ்சம் எடுத்துச் சட்டியில் வறுத்து வைத்திருந்த தூளில், வெறும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். கூச்சத்தோடுதான் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து முகர்ந்தார்.

“அக்கா, இதுல என்ன போட்டீங்க?”

“தூளும் தண்ணியும்.”

“பூ ஏதாச்சும்?”

“காப்பில யாரு தம்பி பூ போடுவா. பால் இல்லைன்னு கிண்டல் பண்றீங்களா?”

“நெசமாத்தான் கேக்குறேன். மல்லிப்பூ வருது. பின்னாடியே எலுமிச்சம்பழத் தோல் கிள்ளுன மாதிரி ஒண்ணு. கசப்பே இல்ல. ஆறட்டும், இருங்க.” ஆறும்வரை பொறுத்திருந்து மறுபடி குடித்தார். “இப்பத் தேன். எந்த மரம்க்கா இது?”

மரத்தடிக்கு அழைத்துப் போனாள். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார், கணுவுக்குக் கணு விரலால் அளந்தார்.

“கெய்ஷான்னு ஒரு வெரைட்டி இருக்குக்கா. எத்தியோப்பியாவுல ஒரு காட்டுல தானா மொளச்சுக் கெடந்தது. வெள்ளைக்காரன் விதை எடுத்துட்டுப் போனான். ஆராய்ச்சிப் பண்ணைக்குப் பண்ணை கை மாறிக் கடல் தாண்டிப் போச்சு. எல்லா ஊர்லயும் காய்ப்பு கம்மின்னு ஓரமாத் தள்ளிட்டாங்க. பனாமான்னு ஒரு நாட்டுல ஒரு குடும்பம், பல வருசம் கழிச்சு, அத மத்ததோட கலக்காமத் தனியாக் குடிச்சுப் பாத்துச்சு. அதுக்கப்புறந்தான் ஒலகமே திரும்பிப் பாத்துது. இது அதுதான்னு நான் அடிச்சுச் சொல்லல. டெஸ்ட் பண்ணாத் தெரியும். ஆனா என் நாக்கு அப்படித்தான் சொல்லுது.”

“மல்லிப்பூவா வருது?”

“ஆமாக்கா. எல்லாக் காப்பியும் பூக்கும்போது மல்லி மாதிரிதான் மணக்கும். கொட்டைக்கு அது வராது. இதுல டம்ளர் வரைக்கும் வந்திருக்கு.”

ஜோதிமணி திரும்பி வீட்டுக்குள் போனாள். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குருநாதனுக்கு அந்தக் கேள்வியும் தெரியாது, கேட்ட குழந்தையும் தெரியாது.

*

நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரில் இருந்தது. பழனிக்குமாரின் அண்ணன் பொன்னுவேல் பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. முட்டி வலியோடு மலையேறி வந்து ஒவ்வொரு வருடமும் மரங்களைப் பார்த்துவிட்டுப் போவார். தண்டைத் துளைக்கும் பூச்சி மரம் மரமாக ஏறிக்கொண்டிருந்தது. துளைத்த மரத்தைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர அதற்கு வழி இல்லை. அந்தச் சரிவை வழித்துச் சமன்செய்து காட்டேஜ் கட்ட வேண்டும் என்று அவருடைய மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

குருநாதன் சொன்னதை ஜோதிமணி சொன்னபோது பொன்னுவேல் சிரித்தார். “பூ மணந்தாத் தலையில வெச்சுக்கம்மா. அதுக்கு எதுக்கு ஒரு சரிவு?”

“ஒரு வருசம் பொறுங்க மச்சான். இந்தத் தடவ தனியாப் பறிச்சுத் தர்றேன். அவங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டா வருசாவருசம் அவங்களே எடுத்துக்குவாங்க. நெட்டை மரம் நிக்கிற மூலைய மட்டும் விட்டுருங்க.”

மேகலை பொன்னுவேலுக்கும் செல்லப் பிள்ளைதான். “சரி. ஒரு வருசம். சரியா வந்தா அந்த மூலையில நான் கை வைக்க மாட்டேன். வரலேன்னா அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது.”

அந்த வருடம் ஜோதிமணி அந்த மரங்களுக்குச் செய்தது பிள்ளைக்குச் செய்வது போல இருந்தது. தண்டுகளைச் சாக்கால் தேய்த்துத் தேய்த்துப் பூச்சி முட்டைகளை அழித்தாள். நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறித்தாள். தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, நீலத் தார்ப்பாய் விரித்த களத்தில் ஓட்டோடு காயப்போட்டாள். ஈரம் படாமல் மாலையில் மூடி, காலையில் திறந்து, கையால் கிளறிவிட்டாள். காய்ந்து முடியும் தறுவாயில், தை மாதத்தில் வராத மழை வந்தது. அவள் வீட்டுத் தகரம் ஒழுகியது. காப்பியை மூட்டையில் கட்டி, பஸ்ஸில் போட்டு, பெருமாள்மலைக்குக் கொண்டுபோனாள்.

இப்ராம்சா ராவுத்தரின் கிட்டங்கியில் காப்பி வைப்பதற்கு ஒரு முறை உண்டு. சீட்டு கிடையாது. ராவுத்தர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். அதில் வாயால் ஊதி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவார். ஈரமா, பூஞ்சையா, பழையதா, எந்தச் சரிவு என்பதுகூட அவருக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். பிறகு “கெடக்கட்டும்” என்பார். அவர் கெடக்கட்டும் என்று சொன்ன மூட்டைக்கு மலையில் வேறு உத்தரவாதம் யாரும் கேட்டதில்லை. கிட்டங்கிக் கதவுக்குப் பகலில் பூட்டும் கிடையாது, ஒரு கொண்டிதான்.

அன்றும் அவர் கையை விட்டு அள்ளினார், ஊதினார், முகர்ந்தார்.

“கெடக்கட்டும் தாயி. தங்கமா இருக்கு.”

அவரிடமிருந்து அத்தர் வாசனை குப்பென்று அடித்தது. கொரோனாக் காய்ச்சல் வந்து பிழைத்ததிலிருந்தே அவர் அப்படித்தான் அத்தரை அள்ளிப் பூசுகிறார். கடைவீதியில் “பாய் தெனமும் மாப்பிள்ளையாப் பொறப்படுறாரு” என்று கேலி பேசுவார்கள். ஜோதிமணியும் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

*

மாசியில் ராவுத்தரின் மகன் பஸ்ஸில் போட்டுவிட்ட ஒரு மூட்டை குருநாதனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பங்குனி முதல் வாரத்தில் அவர் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் வரிசையாகக் கிண்ணங்கள் இருந்தன. ஜோதிமணி மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்களே பாருங்கக்கா” என்று ஒரு கிண்ணத்தை நகர்த்தினார்.

அவள் குனிந்து முகர்ந்தாள். காப்பி வாசனை வந்தது. அடியில், வெகு அடியில், பூ மாதிரி ஏதோ இருந்தது. அதற்கு மேல் புகைபோட்ட மலைப்பூண்டு ஏறி உட்கார்ந்திருந்தது.

“காப்பிக்கொட்டை பஞ்சு மாதிரி அக்கா. பக்கத்துல என்ன இருந்தாலும் இழுத்துக்கும். பூண்டுக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்க. அனுப்புன எடத்துல ரெண்டு பேர் வாயில வெச்சுட்டுத் துப்பிட்டாங்க.” அவர் குரல் கோபமாக இல்லை. களைத்திருந்தது. “எங்க வெச்சிருந்தீங்க?”

“பாத்துச் சொல்றேன் தம்பி” என்று எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் பெருமாள்மலையில் இறங்கிக் கிட்டங்கிக் கதவைத் தள்ளினாள். கண் எரிந்தது. அவள் மூட்டையைப் போட்டுவிட்டுப் போன பிறகு அடித்த காற்றில் பின்பக்கப் பூண்டுக் கொட்டகையின் கூரை பறந்துவிட்டதால், கூக்காலிலிருந்து வந்த பூண்டுக் கொத்துகளையெல்லாம் ராவுத்தரின் மகன் அப்சல் உள்ளே கொண்டுவந்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தான். மற்றவர்களின் மூட்டைகள் உள்ளறையில், பலகைக் கதவுக்குப் பின்னால் இருந்தன. கடைசியில் வந்த அவளுடைய மிச்ச மூட்டை நேராகப் பூண்டுக்கு அடியில் இருந்தது. அந்தப் பலகைக் கதவும் இப்போது பாதி திறந்தே கிடந்தது.

பூண்டுக் கொத்துகளுக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ராவுத்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வா தாயி. என்ன சொன்னாங்க உன் காப்பிய? நம்ம மலைக்கே பேரு வரப்போவுதாமே. அப்சல் சொன்னான்.”

அவள் பதில் சொல்லுமுன் அவரே எழுந்து அவள் மூட்டையை அவிழ்த்தார். ஒரு பிடி அள்ளி, ஊதி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். முகத்தில் பக்திமானின் அமைதி இருந்தது.

“பூ மாறல பாத்தியா? அப்படியே மல்லி. நான் கெடக்கட்டும்னு சொன்னா அப்படியே கெடக்கும்.”

ஜோதிமணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தர் ஏன் அவ்வளவு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காய்ச்சல் அவர் மூக்கைக் கொண்டுபோயிருந்தது. இத்தனை வருடமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாலும் விரலாலும் பழைய ஞாபகத்தாலும் ஒப்பேற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மூக்கில்லாத ராவுத்தரிடம் மலையில் யார் மூட்டை கொண்டுவந்து போடுவார்கள்? அறுபது வயதுக்கு மேல் அவருக்கு வேறு என்ன தெரியும்?

“என்ன தாயி, பேச மாட்டேங்குற?”

“ஒண்ணுமில்லண்ணே. அவங்க கேட்ட அளவுக்கு வரலையாம்.”

“வெளிநாட்டுக்காரன் நாக்கு. அவனுக்கென்ன தெரியும்” என்றார் ராவுத்தர், வருத்தத்தோடு. “மனசு விடாத. ஒரு டீ குடிச்சிட்டுப் போ.”

அவள் டீ குடித்தாள். போகும்போது, மூட்டையை வீட்டுக்கு எடுத்துப் போவதாகச் சொல்லி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். உள்ளறையின் பலகைக் கதவை, கைபட்டது போல, இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பொன்னுவேல் வந்தார். குருநாதனும் வந்திருந்தார். மூன்று பேரும் நெட்டை மரங்களுக்கு அடியில் நின்றார்கள். முந்தின வாரம் பெய்த மழைக்கு மொட்டுகள் வெளுத்துப் பருத்து, திறக்கும் பதத்தில் இருந்தன.

“இந்தத் தம்பி எல்லாஞ் சொல்லிட்டாரு” என்றார் பொன்னுவேல். “காப்பியில குத்தமில்ல, வெச்ச எடத்துலதான் குத்தம்னு சொல்றாரு. அப்படின்னா எனக்கு ஒண்ணு தெரியணும். வேற எவனாச்சும் கெடுத்திருந்தாச் சொல்லு. நான் போய்ச் சட்டையப் புடிக்கிறேன். உனக்கு இன்னொரு வருசம் தர்றேன். அது நாயம். உன் கையாலேயே கெட்டிருந்தா, அடுத்த வருசம் கெடாதுன்னு நான் எத வெச்சு நம்புறது?”

குருநாதனும் அவளைப் பார்த்தார். “கிட்டங்கி எதுலயாச்சும் போட்டிருந்தீங்களாக்கா? இருந்தாச் சொல்லிருங்க. மத்தவங்க காப்பியும் அங்க கெடக்கும். நான் ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் எடுத்துருவாங்க.”

எல்லாரும் எடுத்துவிடுவார்கள். அதுதான் நடக்கும். ஒரே நாளில் நடந்துவிடும்.

ஜோதிமணி மரத்தின் தண்டில் கை வைத்தாள். அவள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தண்டு. கயிற்றை அறுத்து மூட்டையைச் சேற்றில் இழுத்துப் போட்ட ஒரு கையை அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் கை, பிள்ளை பிழைக்குமா என்று கேட்டுவிட்டு அறுக்கவில்லை.

“எங்க வீட்டுப் பரண்லதான் வெச்சிருந்தேன்” என்றாள். “பூண்டும் அங்கதான் தொங்குச்சு. நாந்தான் பாக்கல.”

குருநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னுவேல் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார்.

“வருசம் பூரா தொட்டில்ல போட்ட மாதிரி வளத்துட்டு, கடசில பூண்டோட படுக்க வெச்சியாக்கும்.” அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். பிறகு மெதுவாக, “பேச்சு பேச்சுதாம்மா” என்றார்.

“ஆமா மச்சான்.”

வீட்டுக்குப் போய் வேலப்பர் படத்துக்கு விளக்கேற்றினாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. “சொன்னது பொய்தான் சாமி. அத என் கணக்குலயே வெச்சுக்க” என்றாள். பிறகு, இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. தான் வாயை மூடிக்கொண்டதால் மற்றவர்களின் காப்பி கெட்டால், அது வேறு பாவம். ஒருவருக்குச் செய்யும் நன்மை இன்னொருவர் தலையில் விடிந்தால் அதை நன்மை என்று எப்படிச் சொல்வது?

*

பொக்லைன் எந்திரம் பக்கத்து நிலத்துக்கு வந்திருந்ததால் புதன்கிழமையே இங்கும் வந்துவிட்டது. அன்று காலையில்தான் மொட்டுகள் திறந்திருந்தன. சரிவு முழுக்க வெள்ளையாக இருந்தது. ரோட்டில் போன சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

எந்திரத்தின் கை ஒவ்வொரு மரத்தையும் அடியோடு நெம்பியது. பூவோடு சாய்ந்த மரத்தை உருட்டிக் குவியலில் தள்ளியது. சில தண்டுகள் முறிந்தபோது உள்ளே பூச்சி துளைத்த வழிகள் தெரிந்தன. சிலவற்றில் ஒன்றும் இல்லை, பால்வெள்ளையாக இருந்தன. விதைக்கென்று எடுக்க ஒரு பழம் இல்லை. பறிக்க வேண்டியதையெல்லாம் அவள்தான் மார்கழியிலேயே பறித்துவிட்டாளே; வீட்டு மூட்டையில் மிச்சமிருந்தது முளைக்காத அளவுக்குக் காய்ந்த கொட்டை. மரத்தில் இருந்ததெல்லாம் பூ.

மாலையில் தீ வைத்தார்கள். பச்சை மரம், சரியாக எரியவில்லை. புகை ஊரைச் சுற்றிச்சுற்றி வந்தது. முதலில் அதில் பூ மணம் இருந்தது. பிறகு இல்லை. பழனிக்குமார் கொடைக்கானலிலிருந்து வந்து ரோட்டு ஓரத்தில் வேனை நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். ஜோதிமணி களத்தில் கிடந்த நீலத் தார்ப்பாயை உதறி மடித்தாள். இனி அதற்கு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தலையில் மடித்த தார்ப்பாய், கையில் கயிற்றுச் சுருள். தொழுகை நேரம். ராவுத்தரும் அப்சலும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். கடைவீதியின் அந்தக் கோடியில் கதவுகள் சாத்தியிருந்தன. வானம் இருண்டுகொண்டிருந்தது.

கிட்டங்கியின் பின்பக்கம் போய்ப் பூண்டுக் கொட்டகையைப் பார்த்தாள். சுவர் நன்றாக இருந்தது, கூரைக் கம்புகளும் இருந்தன. ஏணியைச் சாத்தி ஏறி, தார்ப்பாயைக் கம்புகளுக்கு மேலே இழுத்து விரித்தாள். மடிப்பிலிருந்து காய்ந்த பூவிதழ்கள் கொஞ்சம் உதிர்ந்தன. மூலைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். காற்றுக்குத் தூக்காமலிருக்க ஓரங்களில் கல் வைத்தாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது.

பிறகு கொண்டியைத் தூக்கி உள்ளே போனாள். பூண்டுக் கொத்துகளை உத்தரத்திலிருந்து இறக்கி, தோளிலும் கையிலும் மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. முந்தானையை அவள் தலையில் போடவில்லை, கொத்துகள்மேல் போட்டுக்கொண்டாள். கடைசிக் கொத்தையும் கம்பில் மாட்டியபோது அவள் முழுக்க நனைந்திருந்தாள். பூண்டு நனையவில்லை.

கிட்டங்கியின் சன்னல்களைத் திறந்து வைத்தாள். தரையில் உதிர்ந்திருந்த பூண்டுத் தோலையெல்லாம் கூட்டி அள்ளினாள். உள்ளறைக்குப் போய், தெரியாதவர்களின் மூட்டைகளில் ஒவ்வொன்றிலும் முகம் வைத்து முகர்ந்து பார்த்தாள். காப்பிதான் மணத்தது. பலகைக் கதவை மூடினாள்.

அப்சல் வந்து பார்த்தால் அத்தா ஆள் வைத்துச் செய்திருக்கிறார் என்று நினைப்பான். ராவுத்தர் பார்த்தால் மகனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோசப்படுவார். இருவரும் மற்றவரிடம் கேட்கமாட்டார்கள். அவர்கள் வீட்டில் அப்படிப் பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கொட்டகையின் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். மழை தார்ப்பாயின்மேல் சடசடவென்று விழுந்து, அவள் கட்டிய சரிவில் வழிந்து, வெளியே மண்ணில் போய்ச் சேர்ந்தது. ஒரு மூலையில் மட்டும் நீர் தேங்கித் தொய்ந்தது. ஏணியைத் திரும்பச் சாத்தி, ஏறி, கையால் அந்த நீரைத் தள்ளிவிட்டு, முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். பிறகு ஏணியை இருந்த இடத்தில் படுக்க வைத்தாள், கொண்டியைப் போட்டாள், தொழுகை முடியுமுன் மழையில் இறங்கி நடந்தாள்.